இடைவேளை வரை மந்திரியின் ஆட்சி

குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறவர்களுக்கு உள்ள பெரிய தொல்லை, பாடம் முடிந்ததும் பிள்ளைகள் வெளியே போய் உண்மையான அரசாங்கத்தைப் பார்த்துவிடுவதுதான். கணித ஆசிரியருக்கு இந்தத் தொல்லை இல்லை. மூன்றும் நான்கும் ஏழு என்று அவர் வகுப்பில் சொன்னால், கொழும்பில் கொட்டாஞ்சேனைச் சந்தையிலும் அது ஏழாகவே இருக்கும். நாங்கள் 'சட்டத்தின் முன் அனைவரும் சமம்' என்று எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் வகுப்பின் கடைசியில், பின்வாங்கில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் சிரித்துவிடுவான். இதே பாடத்தைப் படிப்பித்து மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சட்டவாக்கம், நிறைவேற்று, நீதி என்று மூன்று துறைகளையும் விளக்கி முடிப்பதற்குள் என் எட்டாம் வகுப்பில் பாதி உறங்கிவிடும். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வெள்ளவத்தை வீட்டில் அப்பா பென் டிரைவில் சேர்த்து வைத்திருக்கும் பழைய கறுப்பு வெள்ளை ராசா ராணிப் படங்களில் ஒன்றை, வியாழக்கிழமைப் பாடவேளையில் போட்டுக் காட்டி, அதை வைத்தே அரசாங்கத்தை விளக்குவது. எங்கள் பாடசாலை அதிபர் ஒரு தவணைக்கு அனுமதி தந்தார். வம்பு ஏதும் வந்தால் அந்தப் பாடவேளை கணிதத்துக்குப் போய்விடும் என்றும் சொல்லிவைத்தார். படம் மூன்று மணி நேரம், பாடவேளை நாற்பது நிமிடம். வந்த வினையெல்லாம் இதனால்தான்.

நல்ல ராசா, சுறுசுறுப்பான மந்திரி

படத்தில் வயதான ராசா ஒருவர் இருக்கிறார். நல்லவர். ஆனால் முதல் காட்சியிலேயே நோயில் விழுந்துவிடுகிறார். மந்திரி ஆட்சியைத் தன் கைக்குள் போட்டுக்கொள்கிறான். மைத்துனனைத் தளபதியாக்குகிறான். சபையில் முணுமுணுத்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதவி கொடுத்து வாயை அடைக்கிறான். பட்டத்துக்கு வரவேண்டிய இளவரசி ஊர்த் திருவிழாவையே நிறுத்தப்போகிறாள் என்று கதை கட்டிவிடுகிறான். சனங்களுக்குத் தெருத் தெருவாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கிறான்.

இரண்டாவது வியாழக்கிழமை, மந்திரி சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்து சிரிக்கும் இடத்தில் பாடவேளை முடியப்போனது. அந்தச் சிரிப்போடு படத்தை நிறுத்திவிட்டு, "இந்த இரண்டு பேரில் யார் உங்களை ஆள வேண்டும்?" என்று கேட்டேன். அதிகாரத் துஷ்பிரயோகம் பற்றி அருமையான கலந்துரையாடல் ஒன்று வரும் என்று நம்பிக்கொண்டு நின்றேன், பாருங்கள். மந்திரிக்கு வகுப்பே கை தூக்கியது! டிலக்‌ஷன் என்ற பையன் எழும்பி எனக்கு விளங்கப்படுத்தினான். கொட்டாஞ்சேனையில் அவன் தகப்பனுக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, வருகிற போகிற எல்லோரோடும் கதைத்து வளர்ந்த பிள்ளை. "மிஸ், ராசா நல்லவருதான். ஆனா படுத்தே கிடக்காரு. மந்திரிதானே எந்திரிச்சு வேலை பாக்குறாரு."

அதிபர் எட்டிப் பார்த்தது

அந்த அதிர்ச்சியிலிருந்து நான் எழும்புவதற்குள் பின்வாங்கு "மந்திரி வாழ்க" என்று கோஷம் போடத் தொடங்கிவிட்டது. மற்ற வாங்குகளும் சேர்ந்துகொண்டன. மேசையில் தட்டினேன், அதட்டினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கதவடியில் அதிபர். பொதுவாக அவர் வகுப்புகளுக்கு வருவதில்லை. அவர் வந்தால் கோஷம் தானாக அடங்கும் என்று நினைத்தேன், அதுவும் நடக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு சொன்னார்: "ரீச்சர், இது வகுப்போ தியேட்டரோ? இன்னொருக்கா இப்பிடிச் சத்தம் வந்தால் கணித ரீச்சர் ஆயத்தமாத்தான் இருக்கிறா."

குடிக்காத தண்ணீர்

எங்கள் பாடசாலையில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு மாணவர் பாராளுமன்றம் உண்டு. அதிக வாக்கு எடுப்பவர் பிரதமர், அடுத்தவர் எதிர்க்கட்சித் தலைவர். அந்த வருடத் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் என்னிடம் முதலில் பெயர் கொடுக்க வந்தவள் அஸ்மா. என் எட்டாம் வகுப்புத்தான், மாளிகாவத்தையிலிருந்து வரும் மெலிந்த பிள்ளை, அதிகம் வாய் திறக்காதவள். பிரதமரானால் என்ன செய்வாய் என்று சம்பிரதாயமாகக் கேட்டேன். கீழ்மாடியில் பூட்டிக்கிடக்கும் பெண் பிள்ளைகளின் கழிப்பறையைத் திறப்பேன் என்றாள்.

அந்தக் கதவில் பூட்டுத் தொங்குவதை நானும் தினமும் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். திருத்தவேலை ஏதோ நடக்கிறது என்று நினைத்திருந்தேன். வேலை முடிந்து நெடுங்காலமாம். அஸ்மா அலுவலகத்தில் சாவி கேட்டிருக்கிறாள், பிரதி அதிபரிடம் இருக்கிறது என்றிருக்கிறார்கள். அவர் விளையாட்டு ஆசிரியரைக் காட்டியிருக்கிறார். விளையாட்டு ஆசிரியர் மறுபடி அலுவலகத்தைக் காட்டியிருக்கிறார். மிச்சம் உள்ள ஒரே கழிப்பறை மைதானத்துக்கு அந்தப் பக்கம். இடைவேளையில் வரிசை அசையாது, பாடவேளையில் ஆசிரியர்கள் நாங்கள் போக விடமாட்டோம். அப்போ என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் பையிலிருந்த நீலத் தண்ணீர்ப் போத்தலைக் காட்டினாள். அது கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தது. "உம்மா நிரப்பித் தந்து உடுற மிஸ். ஸ்கூல் உடுற வரைக்கும் நாங்க குடிக்கிறல்ல."

படம் நின்ற இடம்

அடுத்து வந்த வியாழக்கிழமைகளை விளையாட்டுப்போட்டிப் பயிற்சி விழுங்கிவிட்டது. படம் மந்திரியின் சிரிப்போடு அப்படியே நின்றது. மந்திரிக்கு அழிவு வருவது மிச்சப் பாதியில் என்பது எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த இடைவெளிக்குள் தேர்தல் வந்தது. அஸ்மாவுக்கு எதிராக நின்றவன் டிலக்‌ஷன்.

அவன் பிரசாரத்தைப் பார்த்து எனக்கு வாயடைத்துப் போனது. மச்சான் முறையான ஒன்பதாம் வகுப்புப் பையனைச் சபாநாயகர் என்று முன்கூட்டியே அறிவித்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வோர் அமைச்சுப் பதவி. போக்குவரத்துக்கு ஓர் அமைச்சர், அதற்கு ஒரு பிரதி அமைச்சர். எங்கள் பாடசாலையில் போக்குவரத்து என்று இருப்பது அதிபரின் மோட்டார் சைக்கிள் மட்டும்தான். அஸ்மா வந்தால் இடைவேளைக் கிரிக்கெட்டை நிறுத்திவிடுவாள் என்று ஆறாம் வகுப்புகளில் ஒரு கதை உலாவியது. வாக்களிப்பன்று காலையில் தகப்பனின் கடையிலிருந்து சுடச்சுட மரக்கறி ரோல்ஸ் பெட்டி பெட்டியாக வந்திறங்கியது. நான் அவனைத் தனியே கூப்பிட்டு, இந்த வயதில் இந்த வித்தையெல்லாம் எங்கே பழகினாய் என்று கத்தினேன். கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். நான் சொல்லிக்கொடுத்தது கெடாமல் இருந்திருக்கிறது. அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான்: "நீங்கதானே மிஸ் போட்டுக் காட்டுனீங்க?"

வாக்குகள் போன வழி

டிலக்‌ஷன் வென்றான். அஸ்மா எதிர்க்கட்சித் தலைவரானாள். அதுகூட என்னை அதிரவைக்கவில்லை. பெண் பிள்ளைகளே அவனுக்கு வாக்குப் போட்டிருந்ததுதான் என்னை உலுக்கியது. வாய் வறண்டு பகல் முழுவதும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அதே பிள்ளைகள்! அஸ்மா அழவில்லை. எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் சிநேகிதியைப் பிடித்து, உனக்கு என்ன நடந்தது பிள்ளை என்று கேட்டேன். அவள் மறைக்கவில்லை, வெட்கப்படவுமில்லை. "அஸ்மா சொன்னது கிடைக்குமோ தெரியாது மிஸ். ரோல்ஸ் கையிலயே கிடைச்சது."

மிச்சப் படம்

அடுத்து வந்த வியாழக்கிழமைகளில் மிச்சப் படத்தைப் போட்டேன். பதவி வாங்கியவர்கள் ஒவ்வொருவராக மந்திரியை விட்டு ஓடுகிறார்கள். மைத்துனன்தான் முதலில் ஓடுகிறான். பொங்கல் தின்ற அதே சனம் அரண்மனை வாசலில் வந்து நிற்கிறது. மந்திரி குதிரை கேட்டுக் கத்துகிறான், கொண்டுவர ஆளில்லை. பின்வாங்கு கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பாடவேளைக்காகத்தானே இத்தனை பாடுபட்டேன் என்று மனம் குளிர்ந்து நின்றேன்.

மணி அடித்ததும் புதிய பிரதமர் என் மேசைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. பிள்ளை திருந்திவிட்டான் என்று நினைத்து அவன் தோளில் கைவைத்தேன். "மிஸ், இந்தப் பாதிய எலெக்ஷனுக்கு முன்னுக்குப் போட்டிருக்கக் கூடாதா? இப்ப வகுப்புல பாதிப் பேருக்கு அமைச்சுப் பதவி குடுத்துட்டேனே!"

மொழிபெயர்ப்பு

மாணவர் பாராளுமன்றத்தின் முதல் அமர்வுக்குக் கல்வி வலயத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அதிபர் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பிரதமரின் உரை, எதிர்க்கட்சித் தலைவரின் நன்றியுரை இரண்டையும் பிரதி அதிபரே எழுதிக் கொடுத்திருந்தார். டிலக்‌ஷன் தன்னுடையதைக் கணீரென்று வாசித்துக் கைதட்டு வாங்கினான். பிறகு அஸ்மா எழும்பினாள். கொடுத்த தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கழிப்பறைக் கதவைப் பற்றியும், சாவி கேட்டு அலைந்ததைப் பற்றியும், பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பற்றியும் சொல்லிவிட்டு நின்றாள். என் வகுப்புப் பிள்ளை, வலய அதிகாரியின் முன்னால்! கணித ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதிகாரி அதிபரின் பக்கம் சாய்ந்து, "மொகத மே லமயா கியன்னே?" என்று கேட்டார். இந்தப் பிள்ளை என்ன சொல்லுது என்றுதான். அதிபர் புன்னகை மாறாமல், பாடசாலையில் வசதிகள் எல்லாம் நன்றாக இருப்பதாகப் பிள்ளை நன்றி தெரிவிக்கிறாள் என்று அழகான சிங்களத்தில் சொன்னார். மாளிகாவத்தைத் தொடர்மாடியில் சிங்களப் பிள்ளைகளோடு படிக்கட்டில் விளையாடி வளர்ந்தவள் அவள் என்பதை அவர் யோசிக்கவேயில்லை. நான் சொன்னது அதில்லை என்று, அவரை விடத் திருத்தமான சிங்களத்தில், மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு அஸ்மா சொன்னாள்: "நே சேர், மம கிவ்வே ஏக நெமெய்."

சாவி

அவள் தானே எல்லாவற்றையும் சிங்களத்தில் திரும்பச் சொன்னாள். அதிகாரி எழும்பி, அந்தக் கதவைப் பார்க்கலாமா என்று கேட்டார். முன்னால் அவர், பின்னால் அதிபர், பிரதி அதிபர், விளையாட்டு ஆசிரியர், நான், எங்களுக்குப் பின்னால் பாராளுமன்றம் முழுவதும். அலுவலகத்திலிருந்து சாவிக்கொத்து வந்தது. ஒன்றும் பொருந்தவில்லை. பிரதி அதிபர் தன் மேசை லாச்சியைக் கழற்றிக் கொண்டுவந்தே கவிழ்த்தார். அதிலும் இல்லை. விளையாட்டு அறையிலும் இல்லை. ஆளை ஆள் பார்த்தார்கள். இத்தனை நாளும் இவர்கள் ஒருவர் மற்றவரிடம் இருப்பதாகச் சொன்ன அந்தச் சாவி ஒருவரிடமும் இல்லை! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தது. கடைசியில் அலுவலக உதவியாளர் சுத்தியலோடு வந்து, ஒரே அடியில் பூட்டை உடைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதுக்குச் சாவி நான் வந்த நாள்ல இருந்தே இல்ல சேர். ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல."

எதிர்க்கட்சித் தலைவரின் முடிவு

உள்ளே எல்லாம் புதுசு. குழாய்களில் தண்ணீர் வந்தது. பெண் பிள்ளைகள் அன்றே வரிசையாகப் போய்வந்தார்கள், ரோல்ஸுக்கு வாக்குப் போட்டவர்களும்தான். பின்னேரம் அதிபர் என்னைக் கூப்பிட்டார். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் ஏசவில்லை, தேநீர் கூடத் தரச்சொன்னார். வியாழக்கிழமைப் பாடவேளை அடுத்த வாரத்திலிருந்து கணிதத்துக்கு என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்டதற்கு, பிள்ளைகளுக்கு அரசாங்கம் விளங்கிவிட்டது, இனிப் படம் தேவையில்லை என்றார். அதிர்ந்துபோய் வெளியே வந்தேன்.

வெளியே படிக்கட்டில் டிலக்‌ஷன் காத்துக்கொண்டு நின்றான். அஸ்மாவைச் சுகாதார அமைச்சராக்கித் தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் போனானாம். படம் முழுவதையும் பார்த்த பிறகும் என் பிள்ளை இதைத்தான் செய்திருக்கிறான்! அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். பிரதமர் தலையைச் சொறிந்தார். "வேணாம்னுட்டா மிஸ். மேல்மாடியில இன்னொரு கதவும் பூட்டித்தான் இருக்காம். அமைச்சரா வந்துட்டா, அந்தச் சாவி யார்ட்டன்னு அவகிட்டயே கேப்பாங்களாம்."

எட்டாம் வகுப்பு அரசாங்கத்தைப் படித்து முடித்துவிட்டது, பிரதமர் பாதி படித்திருக்கிறார், படிப்பித்த நான்தான் இன்னும் வாயைத் திறந்தபடி நிற்கிறேன்.