ஞானத்தகப்பனின் பெயர்

எங்கள் குடும்பப் பெயரை ஊர்காவற்றுறைச் சந்தையில் உரக்கச் சொன்னால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அத்தனை வீடுகளில் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் பெரியப்பா உயிரோடிருந்தவரை அதன் உண்மையான சொந்தக்காரர் நாங்கள் மட்டும்தான். போர்த்துக்கேயப் பெயரும் பாய்க்கப்பலும் வைத்திருந்த ஒரு முதலாளியின் நேர்வழியில் வந்தவர்கள் நாங்கள். மற்றவர்களெல்லாம் அவரிடம் கூலிக்கு நின்று பெயரை இரவல் வாங்கியவர்கள். இதைப் பெரியப்பா கலியாண வீட்டிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் என் தங்கையைப் பெண் கேட்டு ஒரு வீட்டார் வந்தார்கள். அவர்களுக்கும் அதே பெயர். மாப்பிள்ளை வாத்தியார். அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. பெரியப்பா அவர்களைக் கதிரையில் இருக்கச் சொல்லவே இல்லை.

"எங்கட பேரை இரவல் வாங்கின ஆக்களுக்கு இப்ப எங்கட பெட்டையும் வேணுமோ?" என்று வாசலிலேயே கேட்டார்.

நான் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றேன். வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் கப்பல் பெருமை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அந்த வாத்தியார் பிறகு வேறு இடத்தில் கலியாணம் செய்து வவுனியாவில் இருக்கிறார். தங்கை அதற்குப் பிறகு ஒரு சம்பந்தத்துக்கும் சம்மதிக்கவில்லை. என்னோடுதான் இருக்கிறாள்.

இந்த வருடம் பெரியப்பாவின் மகன் கனடாவிலிருந்து போன் எடுத்தார். குடும்ப வரலாறு ஒன்று எழுதிவிட்டாராம். அட்டையில் கப்பல் படமாம். பெரியப்பாவின் பூட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு கோயில் புத்தகத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்றார்.

"நீ தபால் கந்தோரில எத்தினை கோழிக்கிறுக்கல் வாசிச்சனீ. உனக்கு இது ஒரு வேலையே?"

அது உண்மைதான். முப்பது வருடம் மற்றவர்களின் கையெழுத்தோடு மல்லுக்கட்டியவள் நான். விலாசம் விளங்காவிட்டால் முதலில் ஊர்ப் பெயரைப் பார்ப்போம். தெரிந்த சொல்லில் அந்தக் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டால், தெரியாத சொல்லும் மெல்ல வழிக்கு வரும்.

எங்கள் கோயில் பாதர், தான் தங்கும் அறைவீட்டின் விறாந்தையில் ஒரு மேசை போட்டுத் தந்தார். புத்தகத்தைச் செல் தின்றிருந்தது. மை பழுப்பாகி, சில இடங்களில் தாளையே அரித்திருந்தது. எல்லாம் லத்தீன். அந்தக் காலத்துச் சாமியார் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே வசனத்தைத்தான் திருப்பித் திருப்பி எழுதியிருந்தார். மாதப் பெயர்களிலும் ஊர்ப் பெயரிலும் அவர் கையெழுத்தைப் பழகிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் எங்கள் ஆளைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்கப் பெரிய கெட்டித்தனமும் தேவைப்படவில்லை. முதலாளியின் பெயருக்குக் கீழே பெரியப்பா எப்போதோ வந்து பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

அந்தப் பெயர் பெரிதாக, வடிவாக எழுதப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் வேறொரு பெயர், சின்ன எழுத்தில், நெருக்கி. குடும்பப் பெயர் இல்லாத ஒற்றைத் தமிழ்ப் பெயர். பாதரைக் கூப்பிட்டேன். அவர் விரல் வைத்து வாசித்தார்.

"இதுதான் அக்கா பிள்ளையின்ர தகப்பன். பக்கத்தில 'பின்வருபவரின் வீட்டு வேலையாள்' எண்டு கிடக்கு. நீங்கள் சொல்லுற கப்பல்காரர் ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்தில பிள்ளைக்குப் பொறுப்பா நிக்கிறவர். தன்னட்டை வேலைக்கு நிண்ட ஆக்களின்ர பிள்ளையளுக்கு அவர்தான் ஞானத்தகப்பனா நிண்டு, தன்ர பேரையும் வைச்சிருக்கிறார்."

அதே பக்கத்தில் அந்த முதலாளி ஐந்து பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன். மூன்று வரி கீழே இன்னொரு வேலையாள், இன்னொரு ஒற்றைப் பெயர், அவன் பிள்ளைக்கும் அதே இரவல் பெயர். அந்தக் குழந்தையின் வழியில் வந்தவர்கள்தான், ஊரறிய, அன்றைக்குத் தங்கையைப் பெண் கேட்டு எங்கள் வாசலில் நின்றவர்கள்.

செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டினேன், பாதருக்கு முன்னாலேயே, வாயில் வந்ததையெல்லாம். லத்தீன் தெரியாமல் பெரிய எழுத்தைத் தகப்பன் என்று நினைத்தாரா, தெரிந்துகொண்டேதான் கோடு போட்டாரா? எதுவானாலும் எனக்கு ஒன்றுதான். மூன்று வரி கீழே பார்க்க அவருக்குக் கண் இல்லாமல் போயிற்றா?

அன்றைக்கே கனடாவுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அந்தாள் எங்கட பரம்பரை இல்லை. ஞானத்தகப்பன். எங்கட ஆள் அவற்ர வீட்டில வேலைக்கு நிண்டவர்."

"வடிவாப் பாத்தனியே?"

"மூண்டு நாள் பாத்தனான்."

"புத்தகம் அடிக்கக் குடுத்தாச்சு. ஆர் போய் அந்தப் பழங்கொப்பியைப் பாக்கப் போறாங்கள்? நீ பேசாமல் இரு" என்றார்.

"தங்கச்சியின்ர சீவியத்துக்கு என்ன மறுமொழி?"

"அது முடிஞ்ச கதை."

முடிந்த கதையாம். அந்தக் கதை அப்போது எங்கள் குசினியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தது. நான் போனை வைத்துவிட்டேன். படமும் அனுப்பவில்லை. ஆனால் அவளிடம் சொல்லவும் எனக்குத் துணிவு வரவில்லை.

கார்த்திகையில் மரித்தவர்களின் நாள் வந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மரித்தவர்களின் பெயர்களைத் துண்டில் எழுதிக் கொடுப்போம். சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே நின்று பாதர் அவற்றை வாசிப்பார். இந்த முறை எங்கள் துண்டின் தலைப்பில் அந்த இரண்டு வேலையாட்களின் பெயர்களையும் எழுதினேன், ஒன்றின் கீழ் ஒன்றாக.

நீட்டி முழக்கும் பெயர்களுக்கு நடுவே அந்த இரண்டு ஒற்றைப் பெயர்களும் ஒலித்தபோது ஆட்கள் தலையைத் திருப்பினார்கள். தங்கை கையிலிருந்த மெழுகுதிரியை அம்மாவின் கல்லறையில் ஊன்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பாவை இன்னொரு முறை திட்டினேன். அண்ணையையும் திட்டினேன். அவளும் சேர்ந்து திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"அந்தப் புத்தகம் எப்பவும் அறைவீட்டிலதானே கிடந்தது?"

"ஓம்."

"அவை என்னைக் கேட்டு வந்த நேரம் நீ இஞ்சத்தைத் தபால் கந்தோரிலதானே இருந்தனீ, அக்கா?"

"ஓம்" என்றேன். தபால் கந்தோரிலிருந்து அறைவீட்டுக்கு ஐந்து நிமிட நடை.