மரத்தில் இருந்த கரி எழுத்து

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்தபோது நான் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தேன். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உதவுகிறான் என்று யாராவது சொன்னால் போதும், அந்த ஆளைப் போலீஸ் லோரியில் ஏற்றிவிடுவார்கள். எல்லாருக்கும் எல்லார் மேலும் சந்தேகம்தான்.

என் பக்கத்து நிரையில் மாணிக்கம் என்ற வாலிபர் மரம் சீவினார். ஒருநாள் அவருடைய மரங்களின் பின்பக்கம் கரியால் ஏதோ எழுதியிருந்தது. தமிழ் எழுத்து இல்லை. காட்டுக்காரர்களுக்கு அடையாளம் வைக்கிறார் என்று நினைத்தேன். அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, எங்களை மேய்க்கும் கங்காணியான மண்டோரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மண்டோர் போலீசோடு வந்தார். நேராக மாணிக்கத்தின் நிரைக்குப் போனார்கள்.

“யாருக்குடா எழுதுற?” என்றார் மண்டோர்.

“எனக்குத்தாங்க. இங்கிலீஷ் படிக்கிறேன். சீவிக்கிட்டே போறப்ப மரத்துக்கு ஒரு வார்த்தை எழுதுவேன். பால் எடுக்க வர்றப்ப அதைப் பார்க்காம சொல்லிப் பார்ப்பேன்.”

இங்கிலீஷ் தெரிந்த ஆபீஸ் குமாஸ்தா, கிராணியை வரவழைத்தார்கள். அவர் மரம் மரமாகப் படித்தார். “மழை, குடை, கதவுன்னு இருக்கு. மரத்துக்குப் பாடம் நடத்துறான்லா” என்று அவர் சிரித்த பிறகுதான் விட்டார்கள்.

மாணிக்கம் பிறகு பரீட்சைகள் எழுதி இடைநிலைப்பள்ளி ஆசிரியரானார். என் மகளும் அவரிடம் படித்தாள். “ஒரு தடவை படிக்கிறது மரம் சீவுற மாதிரி. புத்தகத்தை மூடிட்டுச் சொல்லிப் பாரு, அப்பத்தான் பால் உன் வாளிக்கு வரும்” என்பாராம். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். மண்டோரிடம் சொன்னது நான்தான் என்று மாணிக்கத்திடம் கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது யார் மேல் சந்தேகம் வந்தாலும், கூச்சத்தைப் பார்க்காமல் முதலில் அவரிடமே கேட்டுவிடுகிறேன்.