தண்ணிக்கு நீலம்

"உங்க சித்திக்கு என்ன, கல்நெஞ்சா?" துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோதும் சித்தி அழவில்லை. அடுத்த வாரமே எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அவள் முதல் வகுப்பு டீச்சர்.

அன்று முதல் எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து வருவது ஒரே பதில்தான்: சரி. ஆறிப்போன டீயைக் கொடுத்தாலும் சரி. வகுப்பை வெயில் அடிக்கும் அறைக்கு மாற்றினாலும் சரி.

"ஏண்டி, வீடு தீப்பிடிச்சாலும் சரின்னுதான் சொல்லுவியா?" என்று அம்மா ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"சரிக்கா" என்றாள் சித்தி.

அவள் வகுப்பில் எல்லோரும் 'சோப்பு' என்று கூப்பிடும் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அம்மா பக்கத்துத் தெருவில் சலவைக்கடை வைத்திருந்தாள். பிள்ளை வந்து உட்கார்ந்தாலே அந்த வாசனை பெஞ்சு முழுக்கப் பரவும். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். பெயர் சொல்லி அழைத்தால் நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.

"நாம சொல்றது அவளுக்குப் புரியுதான்னே தெரியல. இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. தேறலைன்னா மறுபடி கீழ் வகுப்புல உட்கார வெச்சிடலாம்" என்றார் பெரிய டீச்சர்.

கீழ் வகுப்பில் மத்தியானமானால் பாய் விரித்துத் தூங்க வைப்பார்கள். அங்கே திரும்பிப் போவதென்றால் ஒரு வருடம் போச்சு. சித்திக்கும் அது தெரியும். ஆனாலும் "சரி" என்றாள்.

அந்த மாதப் பாடம் கடல். படம் அச்சடித்த தாளில் மீன், நண்டு, எட்டுக்கால் ஆக்டோபஸ் எல்லாம் இருந்தன. முதலில் அவற்றுக்கு மெழுகுக் கிரேயானை நன்றாக அழுத்தித் தீட்ட வேண்டும். பிறகு தாள் முழுக்க நீலப் பெயின்ட்டைத் தண்ணீராகக் கரைத்து இழுத்துவிட வேண்டும். மெழுகின் மேல் தண்ணீர் ஒட்டாது. மீன்கள் மட்டும் பளிச்சென்று நிற்கும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து சித்தியும் கைதட்டுவாள். இப்போது பிரஷ் கீழே விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் மீனுக்குத் தீட்டி முடித்ததும், "இப்ப தண்ணிக்கு நீலம் போடுங்க" என்றாள்.

சோப்பு எழுந்தாள். நீலப் பெயின்ட் பாட்டிலை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த குடிதண்ணீர் ட்ரம்மிடம் போனாள். மூடியைத் திறந்து கொஞ்சம் சொட்டவிட்டாள். முழங்கை வரை கையை உள்ளே விட்டுக் கலக்கினாள். ஒரு கை அள்ளி ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சொட்டவிட்டாள். சித்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"டீச்சர், சோப்பு கடலைக் கொண்டுபோய் ட்ரம்முல ஊத்திட்டா!" என்று ஒரு வாண்டு கத்தியதும் வகுப்பே ட்ரம்மைச் சுற்றிக்கொண்டது. சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் வந்தார். எட்டிப் பார்த்தார்.

"நான் என்ன சொன்னேன்? ஒண்ணு சொன்னா ஒண்ணு செய்யுது. திங்கட்கிழமையிலேருந்து கீழயே உட்காரட்டும்."

சித்தியின் வாய் வழக்கம்போல 'சரி'க்குத் திறந்தது. பிள்ளை ஈரக் கையைப் பாவாடையில் துடைக்காமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள், துணியில் பட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"எதுக்கும்மா கையில அள்ளிப் பார்த்தே?" என்று கேட்டாள் சித்தி.

பிள்ளை தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு மெல்ல, "உள்ளங்கை ரேகை தெரியணும். தெரியலைன்னா ஜாஸ்தி. துணி திட்டுத்திட்டா ஆயிடும். அம்மா திட்டும்" என்றாள்.

அந்த வகுப்பில் அவள் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

சித்தி பெரிய டீச்சரைப் பார்த்தாள். "நான் தண்ணிக்கு நீலம் போடுன்னு சொன்னேன் மேடம். அவங்க வீட்ல அதுக்கு இதான் அர்த்தம். வெள்ளைத் துணி அலசுற தண்ணியில நீலம் கலக்கணும். படத்துல இருக்கிற தண்ணின்னு நான் சொல்லல. சொன்னதை அப்படியே செஞ்சிருக்கா."

"அதுக்காகக் குடிக்கிற தண்ணியிலயா?"

"பெயின்ட் கரைக்கவும் அதுலேருந்துதான் எடுக்கிறோம், ரூம்ல வேற தண்ணி இல்லையே மேடம். அவளைக் கீழ அனுப்ப வேண்டாம்."

குரல் உயரவில்லை, கெஞ்சவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். பெரிய டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருக்கட்டும். ட்ரம்மை யாரு கழுவுறது?"

"நான் கழுவுறேன்."

பள்ளி விட்டதும் சித்தி ட்ரம்மை முற்றத்துக்கு உருட்டிக் கவிழ்த்தாள். நீலத் தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடியது. தன் அம்மா கூட்டிப்போக வரும்வரை சோப்பு பக்கத்திலேயே நின்றாள்.

"வீணாப் போகுதே டீச்சர். ரெண்டு சட்டை அலசியிருக்கலாம்."

"இது பெயின்ட்டும்மா. துணி கெட்டுடும்."

"அப்ப இது பொய் நீலமா?"

"ஆமா, பொய் நீலம்."

சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வேலை முடிந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் இதை வரிசையாகச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். திங்கட்கிழமை சோப்பு அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் ஒருவருக்குச் சொல்லட்டும்.