பாலைவனத்தில் கழுவிய சைக்கிள்

போன ஜூனில் ஒரு காலை, வைப்பின் தீவிலிருந்து கொச்சிக்கு ஜங்காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். காரையும் பைக்கையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போகிற தட்டைப் படகு அது. கொட்டுகிற மழை. முந்தாநாள் எண்ணெய் போட்ட சைக்கிள் செயின் உப்புக்காற்றில் அதற்குள் சிவந்திருந்தது. யாரோ அனுப்பிய படம் செல்போனில் வந்தது. கோடு கிழித்தாற்போல ஒரு தார்ச்சாலை, இரண்டு பக்கமும் வெறும் மணல். ஜெய்சல்மேரில் ஜனவரி மாதம் முந்நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம். ஈரமே இல்லாத சாலை! படகு கரை தட்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

பந்தயம் என்று சொல்ல முடியாது. முதலில் வரத் தேவையில்லை, கொடுத்த நேரத்துக்குள் முடித்தால் போதும். ஆனால் முடித்தே ஆக வேண்டும். அதற்காக மழைக்காலம் முழுக்க, மட்டாஞ்சேரி பஜாரை அரிசி லாரிகள் அடைப்பதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். கல்யாணங்களுக்குப் போகவில்லை. நண்பர்கள் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

கூட வந்தவர் பள்ளுருத்தியில் ஏசி ரிப்பேர் செய்கிற சேட்டன். நம்ம தமிழர்தான், ஆனால் பேச்சில் பாதி மலையாளம்; வயதில் மூத்தவர், எங்கள் சைக்கிள் கூட்டத்தில் எல்லோருக்கும் சேட்டன். அவரைக் கூட்டிப் போனதுதான் தப்பு.

ஓட்டத்துக்கு முந்தின நாள் கால் நீட்டிப் படுத்திருக்க வேண்டிய நாள். ஜெய்சல்மேர் ஹோட்டல் வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. வெளியே வந்து பார்த்தால் அதன் மேலே என் சைக்கிள் கட்டியிருக்கிறது.

"சேட்டா, இது எதுக்கு?"

"போட்டோவுக்குடா. உன்னோடது சிவப்பு, மணல்ல சூப்பரா நிக்கும். என்னோடது கறுப்பு, எடுபடாது."

"நாளைக்கு ஓட்டணும். இறக்குங்க."

"எடா, இவ்வளவு தூரம் வந்துட்டு பாலைவனத்தைக் காணாம போறதா? கேறு, கேறு."

ஏறித் தொலைத்தேன். ஊரில் ஆட்டோவில் ஏறி மட்டாஞ்சேரியைச் சுற்றிப் பார்க்கிற வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். அன்றைக்கு அந்த ஆட்டோவில் இருந்தது நான். மணல்மேட்டுக்கு ஜீப்புகள் வரிசை. மேலே போனால் ஒலிபெருக்கி, சிப்ஸ் பாக்கெட், பிளாஸ்டிக் மாலை போட்ட ஒட்டகம். இதையா பார்க்க வந்தோம்? சேட்டன் என் சைக்கிளை மணலில் படுக்க வைத்தார், நிமிர்த்தினார், தலைக்கு மேல் தூக்கினார். அதற்கே பாதி நாள் போயிற்று.

திரும்பியதும் ஓட்டத்துக்கான நம்பர் அட்டை வாங்கப் போனேன். வந்து பார்த்தால் ஹோட்டல்காரர் இந்தியில் கத்திக்கொண்டிருக்கிறார். அங்கே தண்ணீர் டேங்கரில் வருகிறது. சேட்டன் வாளி வாளியாக எடுத்து என் சைக்கிள்மேல் ஊற்றியிருந்தார்.

"மணலெல்லாம் கழுவிட்டேன்டா. பாரு, மின்னுது!"

ஊரில் அது சரிதான். கடற்கரையில் ஓட்டிவிட்டு வந்தால் முதல் வேலை ஒரு வாளி நல்ல தண்ணீர், இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும். எங்கள் ஆட்கள் யாரும் யோசிக்காமல் செய்வது அது. ஆனால் இங்கே மணலில் ஏது உப்பு? மைதா மாதிரி மணல். தட்டித் துடைத்திருந்தால் போயிருக்கும். தண்ணீர் அதைக் குழைத்துப் பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரத்துக்குள், ஃப்ரீவீலுக்குள், இறக்கிவிட்டது. சுற்றிப் பார்த்தேன். அரைத்தது.

"சாரமில்லடா, பரவாயில்ல, கொஞ்ச தூரம் ஓடினா சரியாயிடும்."

"உங்களை யார் தொடச் சொன்னாங்க?"

"உபகாரம் செஞ்சதுக்கு இதுவா பதில்?"

மறுநாள் ஓட்டத்தில் அவர் சொன்னபடியே கொஞ்ச தூரம் ஓடியது. பாதி வழியில் மிதித்தால் பெடல் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை. மிதித்தேன். மறுபடி மிதித்தேன். பின்னால் வந்த சேட்டன் வேகம் குறைத்தார். "எந்தா பற்றி? என்னடா ஆச்சு?"

"போங்க. என் கண் முன்னால நிக்காதீங்க."

போய்விட்டார். அவருடைய கறுப்பு சைக்கிளில் ஒரு பொட்டு மணல்கூட ஒட்டவில்லை.

ஓட்டம் நடத்துகிறவர்களின் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும்வரை சாலையோரம் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கி இல்லை, ஜீப் இல்லை. ஒரு முள்மரம், அதற்கப்புறம் வானம் வரை ஒன்றுமில்லை. படத்தில் பார்த்த அதே சாலை. அழகாகத்தான் இருந்தது. அது அழகாக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சேட்டன் நேரத்துக்குள் முடித்தார். ஆனால் குரூப்பில் அவர் போட்டது மணல்மேட்டில் எடுத்த படம், கையில் இருப்பது என் சிவப்பு சைக்கிள். நேற்று மெசேஜ்: "அடுத்த ஜனவரிக்கும் போலாமாடா?"

போவேன். அதே சாலை, தனியாக. மணல்மேடு, ஒட்டகம் எல்லாம் ஓட்டத்தை முடித்த பிறகுதான். அதற்கு முன்னால் ஃப்ரீவீலை நானே பிரித்து மாட்டப் பழகியாக வேண்டும். பழைய பேப்பர் விரித்துப் பிரித்துவிட்டேன். பற்களுக்கிடையில் இன்னமும் ராஜஸ்தான் மண் இருக்கிறது. மாட்டுவது இன்றைக்குச் சாயங்காலம். சரியாக வந்தால் நாளைக் காலை ஜங்கார் ஏறி வைப்பினில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.