மொழிபெயர்ப்பில் விட்டுப்போனது

விமானப்படைத் தளத்தை ஒட்டிய விமான் நகரில் என் இட்லிக் கடைக்குக் காலையில் ஒருவர் வருவார். ரஷ்யப் போர் விமானம் ஓட்டப் பழகும் நம் பையன்களுக்கு, ரஷ்யப் பயிற்சியாளர் பேசுவதை மாற்றிச் சொல்கிற மொழிபெயர்ப்பாளர். ஒல்லியான தமிழர். சட்னி வேண்டுமா என்று கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

ஒருநாள் அவர் தட்டைத் தொடவே இல்லை.

“என்ன சார், இட்லி சரியில்லையா?”

“அதில்லப்பா. நேத்து ஒரு பையனப் பாத்து ரஷ்யாக்காரன் கத்தினான். ‘உங்களுக்கெல்லாம் மாட்டுவண்டிதான் லாயக்கு. இவன் விமானத்த இறக்குறப்ப அவசரப்படுறான், ஒருநாள் செத்துப்போவான்’னான்.”

“நீங்க அதைச் சொன்னீங்களா?”

“எப்படிப்பா சொல்றது? நிதானமா இறக்கச் சொல்றாருன்னேன். அந்தத் திமிர்ப் பேச்சை மட்டும் விடலாம்னு பாத்தேன், செத்துப்போவான்ங்கறதும் விட்டுப்போச்சு.”

“இப்பப் போய்ச் சொல்லிடுங்க சார்!” என்றேன்.

“இப்பச் சொன்னா மேல அவன் கை நடுங்கும். இன்னிக்கு ஏறுறான்.”

அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. மறுநாள் அவர் வந்ததும் கேட்டேன்.

“இறங்கிட்டானா சார்?”

“இறங்கிட்டான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“அதே அவசரம்தான். இன்னிக்கும் ஏறுறான்,” என்றார்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அவருக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.