விமானிக்குத் தெரிந்த குரல்

மோட்டார் ரிப்பேர்க் கடை முதலாளி பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் பட்டாளத்தில் இருந்த காலத்தில், போர்முனையில் வயர்லெஸ்ஸில் அவர் கூப்பிட்டால் விமானமே இறங்கி வரும். அதைச் சொல்லிச் சொல்லியே மனைவியின் காதைப் புளிக்க வைத்தவர்.

இன்று அவருடைய பழைய கேப்டனுக்குப் பாராட்டு விழா. தன்னைப் பற்றியும் மேடையில் சொல்வார்கள் என்று மனைவியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

"எதிரி எங்க குழிக்கே வந்துட்டான். நான்தான் வயர்லெஸ்ஸை எடுத்து, எங்க மேலயே குண்டு போடச் சொன்னேன்," என்றார் கேப்டன்.

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று கேப்டன் குழிக்குள் முகம் புதைத்துக் கிடந்தார். நம் ஆட்கள் இருக்கும் இடத்தைச் சிவப்புப் புகை காட்டும். குண்டு அதைத் தாண்டித்தான் விழ வேண்டும். "புகை மேலயே போடு, தம்பி!" என்று கத்தியது இவர். விமானப்படை அதிகாரியைத் தம்பி என்று கூப்பிட்ட ஒரே வாய் இவருடையதுதான்.

"இத்தனை வருஷமா எனக்குக் காது குத்தினீங்களா?" என்றாள் மனைவி.

அன்று குண்டு போட்டவர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட விமானியும் மேடையில் இருந்தார். இருவரும் முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். முதலாளி எழுந்து நின்று கத்தினார்: "புகை மேலயே போடு, தம்பி!"

விமானி விருட்டென்று நிமிர்ந்தார். கூட்டத்தில் தேடி இவரைக் கண்டுகொண்டார். பிறகு கேப்டனைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, கேப்டனுக்காகக் கைதட்டத் தொடங்கினார்.

மனைவி கணவரின் கையைப் பிடித்தாள்.

"அந்த விமானியோட மூஞ்சியைப் பார்த்துட்டேங்க. வாங்க, போகலாம்."