ஹக்கியும் அக்கியும்

ஞாபக சக்தியைப் பரிசோதிக்கும் ஒரு கிளினிக்கில் எனக்கு வேலை. பூ, மிருகம், பறவை என்று ஏதாவது ஓர் இனத்தைச் சொல்லி, ஒரு நிமிடத்துக்குள் அதில் எத்தனை பெயர் வருகிறது என்று எண்ணுவேன். மனதுக்குள் சொற்கள் சொந்தபந்தமாகத்தான் குடியிருக்கின்றன. காக்கா என்றதும் குருவி வரும், குருவி வந்தால் மைனாவும் வரும். அந்த உறவு அறுந்தவர்கள் முதல் பெயரிலேயே திணறுவார்கள்.

அன்று வந்த அம்மா பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் செய்பவர். மூளைக் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தார். அடுப்பு வேலை செய்யலாம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் திரும்பச் சேர்ப்பார்களாம். பெயரைப் பார்த்ததுமே தமிழ் என்று தெரிந்துவிட்டது. இருந்தும் கன்னடத்தில்தான் பேசினேன். பக்கத்து மேசையில் பெரிய டாக்டர் இருந்தார்.

நான் ஜீவனஹள்ளியில் பிறந்தவள், வீட்டில் தமிழ். ஆபீஸில் அதை அமுக்கியே வைத்திருந்தேன். என் கன்னடத்தில் ‘ஹ’ மட்டும் நிற்காது. சேர்ந்த புதிதில், பாலுக்கு ‘ஹாலு’ என்று சொல்வதற்குப் பதில் ‘ஆலு’ என்றுவிட்டேன். காபியில் உருளைக்கிழங்கா என்று ஒரு வாரம் ஓட்டினார்கள். அதன் பிறகு வீம்புக்காகவே எல்லோரிடமும் கன்னடம்தான்.

பறவைகளின் பெயர்களைக் கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மடமடவென்று ஆரம்பித்தார். சோனா மசூரி, பொன்னி, ரேஷன் அரிசி, பச்சரிசி, இட்லி அரிசி, சீரகச் சம்பா, பாசுமதி... சோற்றுக்கு ஆனது முதலில், பிறகு டிபனுக்கு, கடைசியில் பிரியாணிக்கு. மொத்தம் பதினொன்று. பாவம், நிலைமை முற்றிவிட்டது என்று பூஜ்யம் போட்டேன். இவ்வளவு அழகாக அடுக்குகிறவருக்கு என்ன மறதி என்று எனக்குத் தோன்றவே இல்லை. படித்த படிப்பு எதற்கோ!

அவர் வெளியே போய்க் கணவரிடம் பேசியது காதில் விழுந்தது.

“அரிசி பேருதான் கேட்டாங்க. ஒண்ணு உடாம சொல்லிட்டேன். இதெல்லாம் ஒரு டெஸ்ட்டா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கன்னடத்தில் ஹக்கி என்றால் பறவை. அக்கி என்றால் அரிசி. நான் எதைக் கேட்டேனோ அதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

திரும்ப அழைத்து உட்காரவைத்து, தாழ்ந்த குரலில் தமிழில் கேட்டேன். “பறவைங்க பேரு சொல்லுங்கம்மா.”

“நீங்க தமிழா? மொதல்லயே தமிழ்ல கேட்டிருக்கலாமே மேடம்!” என்று சிரித்துவிட்டு, காக்காவில் தொடங்கி கோழி, வாத்து, காடை வரைக்கும் பதினான்கு சொன்னார்.

டாக்டர் நிமிர்ந்து என்ன விஷயம் என்றார். நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு: “முதல் தடவை அவங்களுக்குக் கேள்வி புரியல சார்.” அதையும் கன்னடத்தில்தான் சொன்னேன்.

அவர் அதை அப்படியே எழுதினார். கேள்வியைப் புரிந்துகொள்வதில் தடுமாற்றம். மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை. அதுவரை அடுப்பு வேலை வேண்டாம். நான் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த அம்மா ஃபைலை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“காய்ச்சலுக்கு அப்புறம் காது சரியா கேக்கல போல. உங்களுக்கு ரெண்டு வேலை வெச்சிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க மேடம்.”

பெரிய மனதோடு மன்னிக்கிறவளைப் போல, “பரவாயில்லம்மா” என்றேன்.